513 படிக்கு 20 வாரம்

கேள்வி: அரசாங்க அலுவலகத்தில் 34 ஆண்டுகள் கிராணியாக வேலை செய்து, கடந்த ஏப்ரலில், 60 வயதில் ஓய்வு பெற்றேன். எடை 72 கிலோ. இனிப்புநீருக்கு மெட்ஃபார்மினும் கிளிக்கிளசைடும், இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் சாப்பிடுகிறேன். ஓய்வு பெற்ற வாரமே நண்பர்களோடு பொட்டானிக்கல் கார்டன் ஜீப் ரோடு வழியாகக் கொடிமலைக்கு மூன்று நாள் தொடர்ந்து நடந்தேன். நான்காம் நாள் வலது முட்டி வீங்கிவிட்டது. பத்து நாள் படுத்திருந்து, சரியானதும் மறுபடி போனேன், மறுபடியும் வலி. மூன்றாவது முறை பாதி தூரம் போவதற்குள்ளேயே வலி வந்துவிட்டது. இடையில் கோயில் வேலை, பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருவது என்று, வேலைக்குப் போன காலத்தைவிட அதிகமாக அசந்து போகிறேன். பகலில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு இரவில் விழித்துக் கிடக்கிறேன். வரும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. மனைவி "பேசாமல் வீட்டில் இருங்கள்" என்கிறார். நான் நடக்கலாமா, கூடாதா? (லிஃப்ட் இல்லாத பிளாட்டில் குடியிருக்கிறோம். வீட்டுக்குப் போக இரண்டு அடுக்குப் படி ஏற வேண்டும். ஓர் அடுக்குக்கு 18 படி.)
- வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: நடக்கலாம் ஐயா. பால்குடமும் எடுக்கலாம். ஆனால் "இன்று உடம்பு நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் போவோம்" என்று அன்றன்றைக்குத் தோன்றுகிறபடி தூரத்தை முடிவு செய்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் முட்டியைக் கெடுத்தது நடை அல்ல, இந்தப் பழக்கம்தான். எவ்வளவு நடப்பது என்பதை முந்தின வாரமே தாளில் எழுதி வைத்து, உடம்பு துள்ளுகிற நாளிலும் அந்த அளவோடு நிறுத்துங்கள். சோர்வான நாளில் பாதியாவது செய்யுங்கள்.

மூன்று முறை நடந்ததைப் பார்ப்போம். 34 ஆண்டு நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு. பொட்டானிக்கல் கார்டனிலிருந்து கொடிமலை உச்சிக்குப் போகும் ஜீப் ரோடு ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரும்பாலும் செங்குத்து. மூச்சும் இதயமும் புதிய உழைப்புக்குச் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக்குழாயே இல்லை. அவை பழக மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் மூச்சு வாங்காத ஒருவருக்கும் முட்டி வீங்குகிறது. அடுத்து நீங்கள் பத்து நாள் படுத்தீர்கள். அந்தப் பத்து நாளில் தொடையின் முன்தசை இளைத்தது. இறங்கும்போது முட்டிக்கு வரும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்தத் தசைதான். இளைத்த தசையோடு அதே மலைக்குப் போனால் முட்டிக்குப் பாரம் கூடும். மூன்றாவது முறை பாதி தூரத்திலேயே வலித்ததற்குக் காரணம் இதுதான், வயது அல்ல. உங்கள் மனைவி சொல்வதுபோல் வீட்டிலேயே இருந்தால் தைப்பூசத்துக்குள் தொடைத்தசை இன்னும் இளைக்கும். அவருடைய கவலை நியாயமானது, ஆகவே இந்தப் பதிலை அவரும் படிக்கட்டும்.

தொடங்குவதற்கு முன் கிளினிக்குக்கு ஒரு நடை போய் வாருங்கள். இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் சேர்ந்து இருப்பவருக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமலும் வரலாம். வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறலும், காரணமில்லாத வியர்வையும் அசதியும் மட்டுமே அறிகுறியாக இருப்பதுண்டு. "தண்ணீர்மலையில் 513 படி ஏறப்போகிறேன், அன்று விரதமும் இருப்பேன்" என்று டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். இசிஜி, மூன்று மாதச் சர்க்கரை சராசரியான எச்பிஏ1சி, சிறுநீரகப் பரிசோதனை, கண்ணின் விழித்திரை, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்ற சோதனை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். விழித்திரையில் புதிய இரத்தக்குழாய்கள் முளைத்து, அதற்குச் சிகிச்சை ஆகாமல் இருந்தால், மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்குவது கண்ணுக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். பால்குடம் தூக்குமுன் இது தெரிந்திருக்க வேண்டும். முட்டி இன்னும் வீங்கியிருந்தாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, காலை ஊன்றும்போது நழுவுவதுபோல் இருந்தாலோ அதையும் காட்டிவிட்டுத்தான் பயிற்சி.

முதலில் உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள். சமதரையில் மூன்று வெவ்வேறு நாளில் நடந்து பாருங்கள். வலியோ களைப்போ கூடத் தொடங்கும் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் 25 நிமிடம், ஒரு நாள் 15, ஒரு நாள் 20 என்றால் சராசரி 20. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 16 நிமிடம். அதுதான் உங்கள் முதல் வார நடை, வாரத்தில் 5 நாள். மலையேறியவருக்கு 16 நிமிடம் என்பது அவமானமாகத் தோன்றும், தெரியும். ஆனால் இந்த 16 நிமிடத்தை மறுநாளும் அதற்கு மறுநாளும் உங்களால் நடக்க முடியும். பிறகு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டுங்கள்: 16, அடுத்த வாரம் 18, அதற்கடுத்து 20. ஒவ்வொரு நான்காவது வாரமும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து நடங்கள். குருத்தெலும்பும் தசைநாணும் இப்படிப்பட்ட வாரத்தில்தான் உங்களை எட்டிப் பிடிக்கின்றன. வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் வரும்வரை கூட்டினால் போதும். வேகத்துக்கு அளவு, பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் கொஞ்சம் விரைவுபடுத்துங்கள். நாலு சொல் பேசவே மூச்சு வாங்கினால் குறையுங்கள்.

இடம் கொடிமலை வேண்டாம். பொட்டானிக்கல் கார்டனுக்குள்ளேயே இருக்கும் சமமான பாதை, இளைஞர் பூங்கா, கர்னி கடற்கரை எல்லாம் நல்லவை. பினாங்கில் விடிய ஏழேகால் ஆகிவிடும். அப்போது தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே நடக்காமல் பேரங்காடிக்குள் நடங்கள். குதிகால் இறுகப் பிடிக்கும் சப்பாத்து போடுங்கள், சிலிப்பர் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 72 கிலோ எடை உள்ளவர் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது 120 முதல் 130 கலோரி வரை. நடை முடிந்து நண்பர்களோடு உட்காரும் மேசையில் ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 300 கலோரி, அதோடு கெட்டிப்பால் தே தாரிக். நண்பர்களை விட வேண்டியதில்லை. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்கும் இரண்டு அவித்த முட்டையும் கேளுங்கள்.

முட்டிக்கு மருந்து தொடைத்தசைதான். முதல் வாரத்திலிருந்தே, வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போடுங்கள். முன்விளிம்பில் உட்கார்ந்து, இரு பாதங்களையும் இடுப்பகலத்தில் வைத்து, குதிகாலை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, இரண்டு எண்ணுவதற்குள் எழுந்து, நான்கு எண்ணும் அளவுக்கு மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழுந்தால் பயிற்சியின் பயனில் பாதி போயிற்று, ஏனென்றால் படி இறங்க உதவுவது அந்த மெதுவான இறக்கம்தான். 8 தடவை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 8. வலித்தால் ஒரு தலையணையைப் போட்டு இருக்கையை உயர்த்துங்கள். பிறகு தலையணையை எடுத்துவிடலாம். முட்டிகள் உள்பக்கமாகச் சாயக்கூடாது. முட்டி, காலின் இரண்டாவது விரலுக்கு நேராக வர வேண்டும். அதன் பிறகு சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது 12 தடவை, ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்பது ஒவ்வொரு பக்கமும் மூன்று தடவை.

இதே நாற்காலியில் மாதம் ஒரு முறை ஒரு சோதனை: 30 விநாடியில் கையூன்றாமல் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது? 60 முதல் 64 வயது ஆணுக்கு 14-க்குக் கீழே என்றால் சராசரிக்குக் குறைவு. பெண்ணுக்கு அந்த எல்லை 12. மனைவியும் கூடச் செய்து பார்க்கட்டும்.

நான்கு வாரம் இப்படிப் போன பிறகுதான் படி. தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. உங்கள் பிளாட்டின் கணக்கில் இருபத்தெட்டரை அடுக்கு. ஐந்தாம் வாரத்தில் 2 அடுக்கிலிருந்து தொடங்குங்கள். அது நீங்கள் தினமும் வீட்டுக்கு ஏறும் அளவுதான். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு வாரமும் 2 அடுக்கு கூட்டுங்கள். எட்டு, பன்னிரண்டு, பதினாறாம் வாரங்கள் இளைப்பாறும் வாரங்கள், அவற்றில் கூட்டக்கூடாது, குறைக்க வேண்டும். இந்தக் கணக்குப்படி பதினைந்தாம் வாரத்தில் 18 அடுக்கு, அதாவது 324 படி. பதினெட்டாம் வாரத்தில் 22 அடுக்கு, 396 படி. அதற்கு மேல் வீட்டில் பழக வேண்டாம். மீதியைத் தைப்பூசத்தன்று இடையிடையே நின்று ஏறலாம். ஓர் அடுக்கு ஏறினால் அதே அடுக்கை இறங்கியும் ஆக வேண்டும், ஆகவே இரண்டையும் ஒரே கவனத்தோடு செய்யுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கைப்பிடியை விடாதீர்கள். ஏறுவதைவிட இறங்குவது எளிது என்று மூச்சு சொல்லும். முட்டிச் சில்லுக்கோ இறக்கத்தில்தான் அதிக அழுத்தம், அதனால் இறங்கும்போது வேகத்தைக் குறையுங்கள்.

எந்த வலியோடு தொடரலாம், எந்த வலியில் நிறுத்த வேண்டும் என்று கேட்பீர்கள். வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டால், மூன்றுக்குள் இருந்து மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால், அதே அளவைத் தொடருங்கள். மறுநாள் காலையும் கூடுதலாக வலித்தால் அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், ஆனால் படுத்துவிடாதீர்கள். வீங்கினால் படியை நிறுத்தி, நாற்காலிப் பயிற்சியை மட்டும் வலிக்காத அளவுக்குச் செய்து, வீக்கம் வடிந்த பின் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். தொடைத்தசையில் ஒன்றிரண்டு நாள் வரும் இலேசான வலி இதில் சேராது. அது பழகும் தசையின் வலி.

இனி சர்க்கரை. இதை வேகமாகப் படித்துவிட்டுப் போக வேண்டாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இறங்கிப்போவது அரிது. கிளிக்கிளசைடு கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிற மருந்து, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது வேலை செய்யும். அதைப் போட்டுக்கொண்டு பசியாறாமல் நடந்தால் சர்க்கரை இறங்கும். நடந்து முடிந்த பின்பும் 24 மணி நேரம்வரை இறங்கலாம். பயிற்சிக்கு முன் குத்திப் பாருங்கள். 5-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ சில பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். 4-க்குக் கீழே போனால் நடை கிடையாது: 3 தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, ஏறவில்லையென்றால் இன்னொரு முறை குடியுங்கள். 14-க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லையென்றால் அன்று ஓய்வு. இரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் இருந்தாலும் ஓய்வு. சர்க்கரை எண்கள் நம் ஊர்க் கிளினிக்கில் எழுதித் தரும் மில்லிமோல் கணக்கில் சொன்னவை.

விரதத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு என்று இருந்தால், விரதம் தொடங்கும் வாரத்துக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். கிளிக்கிளசைடின் அளவையும் நேரத்தையும் அவர் மாற்றித் தர வேண்டியிருக்கும், நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். சைவ விரதத்தில் இன்னொரு குறை, புரதம். உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு 72 முதல் 86 கிராம் வரை வேண்டும், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று பரிசோதனை சொன்னால். சோறும் கீரைக்கூட்டும் அதை எட்டாது. 100 கிராம் தெம்பேயில் (புளிக்க வைத்த சோயா) ஏறக்குறைய 19 கிராம், ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 15-க்கு மேல். தௌஹு (சோயாக் கட்டி), தயிர், முளைகட்டிய பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றை வேளைக்கு இரண்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். விரதத்தில் புரதம் குறைந்தால், நாலு மாதம் நாற்காலியில் சேர்த்த தசை கரையும்.

நாள் முழுக்க அசந்து போகிறேன் என்றீர்களே, அதற்கும் இதே கணக்குதான். வேலை செய்த காலத்தில் கடிகாரம் உங்களை நிறுத்தியது: பத்து மணிக்குத் தேநீர், ஒரு மணிக்குச் சாப்பாடு, ஐந்துக்கு வீடு. இப்போது "நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள்" என்று கோயில் கமிட்டியும் பிள்ளைகளும் உறவும் ஆளுக்கொரு வேலை தருகிறார்கள், நிறுத்த யாருமில்லை. ஒரு நாளைக்கு ஒரு கனமான வேலை என்று வையுங்கள். படிப்பயிற்சி உள்ள நாளில் கோயில் பாத்திரம் தூக்கப் போகக்கூடாது. பேரப்பிள்ளையைக் கூட்டி வருவது தினமும் உள்ள வேலை, ஆகவே அந்த நடையும் உங்கள் வீட்டுப் படியும் அன்றைய கணக்கில் சேரும். கமிட்டிக்கு வாரத்தில் இரண்டு நாளைக் குறித்துக் கொடுத்துவிடுங்கள். அந்த இரண்டு நாளில் முழு மனதோடு செய்யலாம், மற்ற நாளில் "இன்றைக்கு இல்லை தம்பி" என்று சொல்லலாம். அரை மணிக்கு ஒரு முறை நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள். பகல் தூக்கம் மூன்று மணிக்குள், 20 முதல் 30 நிமிடம், அலாரம் வைத்து. அதற்கு மேல் தூங்கினால் இரவுத் தூக்கம் தள்ளிப்போகும், அடுத்த நாள் காலை நடையும் கெடும்.

பதினைந்தாம் வாரத்தில் கூட்டமில்லாத ஒரு நாள் விடிகாலையில் தண்ணீர்மலைக்குப் போய், பாதிப் படி, ஏறக்குறைய 250, ஏறி இறங்கிப் பாருங்கள். அந்த வாரப் படிப்பயிற்சியில் ஒரு நாளுக்குப் பதில் அது. 50 படிக்கு ஒரு முறை, களைப்பு வருமுன்பே, ஓரமாக ஒரு நிமிடம் நில்லுங்கள். களைத்த பின் நின்றால் மூச்சு திரும்ப நேரமாகும். குடத்தையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஒரு லிட்டர் பால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், செம்பின் எடை தனி. ஒரு லிட்டர் கொள்ளும் சிறிய செம்பு போதும். அதில் தண்ணீர் நிரப்பி, இருபதாம் வாரத்துக்கு முந்தைய ஆறு வாரம், வாரம் ஒரு நாள் பிளாட்டுப் படியில் பழகுங்கள். ஒரு கை குடத்தில் இருந்தால் மறு கை கைப்பிடியில் இருக்க வேண்டும். கழுத்துத் தேய்மானம் இருந்தால் தலையில் வைக்காமல் தோளில் அணைத்து எடுங்கள். பத்தொன்பதாம் வாரத்தில் 8 அடுக்கு, இரண்டே நாள். இருபதாம் வாரத்தில் சமதரை நடை மட்டும். கடைசி வாரத்தில் பயிற்சி போதாதென்று பயந்து முழு மலையை ஏறிப் பார்ப்பவர்கள்தான் தைப்பூசத்தன்று நொண்டுகிறார்கள்.

அன்றைக்கு வெறுங்கால் என்பதே எனக்குப் பெரிய கவலை. பினாங்கில் தேர் வரும் வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். சிரட்டைத் துண்டு கண்ணாடி மாதிரி கிழிக்கும். உணர்ச்சி மங்கிய பாதத்துக்கு அது தெரியாது. வெயில் ஏறினால் தாரும் சிமெண்டும் கொப்புளம் வரச் சுடும். விடியுமுன் கிளம்புங்கள், தேங்காய் பெருக்கி எடுத்த பாதையில் நடங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைவு என்று பரிசோதனை சொல்லியிருந்தால், மலையடிவாரம் வரை காலணியோடு போய் அங்கே கழற்றுங்கள். வீடு திரும்பியதும் மனைவி உங்கள் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பார்க்கட்டும்.

தண்ணீர்ப் பந்தல்களில் அன்போடு கொடுப்பது பெரும்பாலும் சீனிப் பானம். வெறும் தண்ணீர் கேட்டு, கால் மணிக்கு ஒரு முறை சில மிடறு குடியுங்கள். சட்டைப் பையில் சீனிப் பொட்டலம் இருக்கட்டும். கூட வருபவரிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: நடுக்கம், குளிர்ந்த வியர்வை, வெறித்த பார்வை, தடுமாற்றம் ஆகியவை அந்தச் சூழலில் அருள் வந்தது போலவே தெரியும். உங்களுக்கு அப்படி வந்தால் குடத்தை வாங்கிக்கொண்டு, உட்கார வைத்து, முதலில் சர்க்கரையைக் குத்திப் பார்க்க வேண்டும். கருவி கையில் இல்லையென்றால் காத்திராமல் சீனித் தண்ணீர் கொடுக்கலாம். விழுங்க முடியாமல் மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழைக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, நின்ற பின்பும் அடங்காத மூச்சுத்திணறல் இருந்தாலும் அதே எண்தான்.

தைப்பூசம் முடிந்த மூன்று நாள் சமதரையில் 15 நிமிட நடை மட்டும், படுக்கை வேண்டாம். நான்காம் நாள் நாற்காலிப் பயிற்சி. அடுத்த வாரம் 8 அடுக்கிலிருந்து படியைத் தொடருங்கள்.